பாரிஸிலிருந்து இரண்டு டிக்கெட்

தம்பி,

இதை நான் எழுதும்போது உனக்கு ஆறு வயது. நியூஜெர்சியில், பிஸ்கட்டவேயில் நம் அபார்ட்மென்டின் இன்னொரு அறையில் நீ தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருக்கிறாய். உனக்கு இருபத்தொரு வயது ஆனபிறகுதான் இதைப் பிரிக்க வேண்டும் என்று உறையின் மேல் எழுதி, உன் பர்த் சர்டிபிகேட்டோடு வைக்கப்போகிறேன். அப்போது உனக்குத் தமிழ் படிக்க வருமா, தெரியவில்லை. வராவிட்டால் யாரையாவது வாசித்துக் காட்டச் சொல். உன் அம்மாவைப் பெற்ற நன்னியை மட்டும் கேட்காதே. இதில் பாதி அவரைப் பற்றியது. அதை அவர் தன் வாயாலேயே வாசிக்கும்படி ஆகக் கூடாது.

போன சனிக்கிழமை பிரிட்ஜ்வாட்டரில் ஒரு வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்து ஆண்கள் எல்லாம் பேஸ்மென்டில் உட்கார்ந்திருந்தோம். நீ என் முதுகில் சாய்ந்துகொண்டு யாருடைய போனிலோ கேம் ஆடிக்கொண்டிருந்தாய். அந்த வீட்டு அங்கிள் என்னிடம், "மாமியாரு ஃபிரான்ஸ் வரைக்கும் கூட வந்து பையனத் தூக்கிட்டுப் போகப் பாத்தாங்களாமே? நல்லவேள, கடைசி நேரத்துல சுதாரிச்சிட்டீங்க" என்றார். உனக்குத் தமிழ் புரியாது என்ற தைரியம் அவருக்கு. இங்கே பெரியவர்கள் எல்லோரும் பண்ணுகிற தப்பு அது. நீங்கள் இங்கிலீஷில் பதில் சொல்வதால், நாங்கள் பேசுகிற தமிழ் உங்கள் காதிலேயே விழவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். என் முதுகில் உன் கை ஆட்டத்தை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது. நான் அவரை மறுத்துப் பேசியிருக்க வேண்டும். சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வரும் வழி முழுக்க நீ ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

நன்னி உன்னைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கவில்லை. நான்தான் உன்னைக் கொண்டுபோகச் சொன்னேன். நானாகக் கேட்டேன், நானாக டிக்கெட் எடுத்தேன். இதை இப்போது சொன்னால் ஆறு வயது தாங்காது. சொல்லாமலே விட்டால் ஊரார் சொல்வது உனக்கு நிஜமாகிவிடும். அதனால் எழுதிவைக்கிறேன்.

உன் அம்மா மௌத்தானது ஜனவரி கடைசியில். கணையத்தில் வந்த கட்டி. கண்டுபிடித்ததிலிருந்து நான்கு மாதம்கூட இல்லை. கும்பகோணத்திலிருந்து நன்னி ஆறு மாத விசிட்டர் விசாவில் வந்து சேர்ந்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் பேசிக்கொண்டுதான் இருந்தாள். பதினெட்டு நாள் மகளைப் பார்த்தார். அடக்கம் முடிந்த மறுவாரம் நான் வேலைக்குப் போய்விட்டேன். என் வேலை, மருந்துக் கம்பெனிகளின் சாஃப்ட்வேர் சொன்னபடி நடக்கிறதா என்று ஒவ்வொரு படியாகச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது. வீட்டையும் அப்படித்தான் நடத்தினேன். காலையில் உன்னை எழுப்புவது, ஸ்கூல், ஆஃப்டர்கேர், குளியல், படுக்கை. ஒரு படியும் தவறவில்லை. ஆனால் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. சூடான காபியைக் குடித்து நாக்கு வெந்ததைக்கூட மறுநாள்தான் கவனித்தேன். நீ சாப்பிடுவதை நிறுத்திக்கொண்டிருந்தாய். நன்னி ஆக்கிப் போட்டதையும் தொடவில்லை. மூன்று வேளையும் பாலில் சீரியல். லஞ்ச் டப்பா வைத்தபடியே திரும்பி வந்தது. டாக்டர் எடையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் என்ன சொன்னார் என்று வீட்டுக்கு வந்தபோது எனக்கு நினைவில்லை.

ஏப்ரலில் ஒருநாள் நன்னி தொழுது முடித்து விரிப்பை மடித்துக்கொண்டிருந்தார். நான் கதவில் நின்றபடியே கேட்டேன். "மாமி, நீங்க போகும்போது அவனையும் கூட்டிட்டுப் போயிடுறீங்களா?"

மடித்த விரிப்பை அவர் திரும்பவும் விரித்தார். அதன் மேலேயே உட்கார்ந்தார். "எத்தன நாளைக்கு மாப்ள?"

"அங்கேயே படிக்கட்டும்."

"யோசிச்சுப் பேசுறீங்களா? அவ போயி மூணு மாசம் ஆகல."

"யோசிச்சிட்டேன் மாமி."

யோசிக்கவில்லை. தம்பி, இருபத்தொரு வயதில் உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்று இருந்தால், அது இதுதான்: உள்ளே ஒன்றும் உறைக்காமல் இருக்கிற காலத்தில் பெரிய முடிவு எதுவும் எடுக்காதே. அந்த நேரத்தில் எல்லா முடிவும் தெளிவாகத் தெரியும். வலிக்காததால் தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நன்னி மூன்று நாள் கழித்து, "சரி, இன்ஷா அல்லாஹ்" என்றார். அதற்குப் பிறகு அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அதையும் பார்த்தேன். பார்த்ததைக் குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஃபிரான்ஸ் எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். முந்தின வருடம் கோடை விடுமுறைக்கு நாம் மூன்று பேரும் போவதாக இருந்த பயணம் அது. அம்மா நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்துவந்து ஊர் ஊராகக் குறித்து வைத்திருந்தாள். அவளுக்கு வயிற்றுவலி என்று தள்ளிப்போட்டோம். அந்த டிக்கெட்டை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்றார்கள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நெவார்க்கிலிருந்து நேராக உன்னைச் சென்னைக்கு அனுப்பினால் அடி பலமாக விழும். நடுவில் பத்து நாள் ஃபிரான்ஸ் என்று வைத்தால் அதிர்ச்சி குறையும். பத்தாம் நாள் பாரிஸ் விமான நிலையத்தில் நீயும் நன்னியும் சென்னைக்கு, நான் நெவார்க்குக்கு. எடிசனில் இருந்த ஒரு ட்ராவல் ஏஜென்ட் நான் சொன்னபடியே போட்டுக் கொடுத்தார். உன் பாஸ்போர்ட்டில் இந்திய விசா வாங்கினேன். உன்னிடம் எப்போது சொல்வது என்று நன்னி கேட்டபோதெல்லாம், "அங்க போயி சொல்லிக்கலாம் மாமி" என்றேன்.

அம்மாவோடு நீ கடைக்குப் போனது உனக்கு நினைவிருக்குமா? உன்னை ஷாப்பிங் கார்ட்டில் உட்காரவைத்து, எடுக்கிற ஒவ்வொரு பாக்கெட்டையும் உன் கையில் கொடுப்பாள். நீ அதைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்க வேண்டும். ஜெலட்டின், லார்ட், போர்க், ரம் என்று அவள் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். அ, ஆ வருவதற்கு முன்பே, ஏன், உன் பெயரைச் சரியாக எழுத வருவதற்கு முன்பே, அந்த நாலு வார்த்தையின் உருவமும் உனக்குத் தெரியும். மார்ஷ்மெலோ பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, முகம் வாடி, நீயே அதைத் திரும்ப அலமாரியில் வைப்பாய். "என் இன்ஸ்பெக்டர்" என்பாள் அம்மா. நான் கார்ட்டைத் தள்ளிக்கொண்டு பின்னால் வருவேன். பத்து வருடம் அப்படிக் கூடவே நடந்தேன். ஒரு பாக்கெட்டையும் நான் திருப்பியதில்லை. அவள் பார்த்துவிடுவாள் என்பதுதான் காரணம்.

பாரிஸில் முதல் மூன்று நாள். நன்னி நெவார்க்கிலிருந்தே இட்லிப் பொடியும் சின்ன பாட்டிலில் நல்லெண்ணெயும் கொண்டுவந்திருந்தார். நான் நீளமான ரொட்டியை வாங்கிவந்தால், அதைப் பிளந்து உள்ளே பொடி தடவித் தருவார். அவர் அதை ரசித்துத்தான் சாப்பிட்டார். "இந்த ஊருக்காரனுக்குத் தொட்டுக்கத் தெரியலயே, பாவம்" என்பார். நீ ரொட்டியின் மேல்தோலை மட்டும் பிய்த்துத் தின்றாய். மூன்றாம் நாள் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனோம். நன்னி உனக்கு ஸ்கூல் ஷூ பார்த்தார். கறுப்பு, தோல், லேஸ் வைத்தது. உன் கால் அம்மாவின் கால் மாதிரி, முன்பக்கம் அகலம். அளவுக்குக் கிடைப்பதில்லை. ஆறு ஜோடி போட்டுப் பார்த்து, ஏழாவது பொருந்தியது.

"பட் ஐ ஹாவ் ஷூஸ்" என்றாய்.

"ஸ்கூலுக்குடா கண்ணு."

"மை ஸ்கூல் டஸன்ட் ஹாவ் பிளாக் ஷூஸ்."

நன்னி என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்கிற பார்வை. அவருக்குப் பொய் வராது. அமெரிக்கா வந்து இறங்கியபோது கஸ்டம்ஸில் கேட்டதற்குக் கருவாடு இருக்கிறது என்று உண்மையைச் சொல்லி, இரண்டு கிலோவைப் பறிகொடுத்தவர். நான் கவுன்டரில் கார்டை நீட்டினேன். கடையை விட்டு வெளியே வந்ததும் மெதுவான குரலில், "என் வாயால சொல்ல வச்சிடாதீங்க மாப்ள. நீங்க சொல்ல வேண்டியது" என்றார். "லியோன் போனதும் சொல்றேன்" என்றேன்.

வாடகைக் காரில் தெற்கே லியோனுக்குக் கிளம்பினோம். அன்று ஞாயிறு. நியூஜெர்சிக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை கடை மூடியிருக்கும் என்பதே தோன்றாது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கிச் சின்னச் சின்ன ஊர்களாகப் பார்த்தோம். சூப்பர்மார்க்கெட் மூடியிருந்தது, ஹோட்டலில் மதியச் சமையல் முடிந்துவிட்டது என்று கையை விரித்தார்கள். இரண்டரை மணி. நீ காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, ஆனால் பசிக்கிறது என்றும் சொல்லவில்லை. ஒரு ஊரில் ஒரு பேக்கரிக்காரப் பெண் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தாள். குனிந்து உள்ளே போனேன். கண்ணாடிக்குப் பின்னால் வட்டமாக, மஞ்சளாக, முட்டையும் சீஸும் வைத்துச் சுட்ட ஒன்று பாதி மீதி இருந்தது. மேலே சிவப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ. வதக்கிய வெங்காயம் என்று நினைத்தேனா, எதுவும் நினைக்கவில்லையா, இன்றுவரை தெரியவில்லை. விரலை நீட்டினேன். மூன்று துண்டு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

நீ சாப்பிட்டாய், தம்பி. ஒரு துண்டு முழுக்க. அப்புறம் இன்னொன்று கேட்டாய். மாதக்கணக்கில் நீ கேட்டுச் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. நன்னி காரின் பின்சீட்டில் உன்னை மடியில் போட்டுக்கொண்டு இரண்டாவது துண்டைப் பிய்த்துப் பிய்த்துத் தன் கையால் ஊட்டினார். "முட்டை அடை மாதிரியில்ல இருக்கு. பாருங்க மாப்ள, எப்படித் திங்கிறான்னு. அல்ஹம்துலில்லாஹ்." கண்ணாடியில் பார்த்தேன். அழுதுகொண்டே ஊட்டினார். மூன்றாவதையும் நீதான் முடித்தாய். எங்கள் இருவருக்கும் ரொட்டியும் பொடியும்.

மறுநாள் லியோனில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட். உனக்கு அதுவே வேண்டும் என்று குளிர்பெட்டி வரிசையில் நீயே தேடிக் கண்டுபிடித்தாய். பாக்கெட்டின் மேல் அதே படம். கார்ட்டில் போடப் போன நீ, பழக்கத்தில் அதைத் திருப்பினாய். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனாய். அங்கேயே நின்றுவிட்டாய். "அத்தா, அம்மாஸ் வேர்ட்" என்றாய். நான் வாங்கிப் பார்த்தேன். ஃபிரெஞ்சில் இருந்தது, ஆனால் புரியாமல் போக அதில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் காட்டிக் கேட்டேன். அவள் சிரித்த முகமாக, "போர்க், வெரி குட்" என்றாள். நேற்றுச் சாப்பிட்டதும் இதுதானா என்று நீ என்னிடம் கேட்டாய். நான் ஆமாம் என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை.

கார் பார்க்கிங்கில் உன்னை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டு, நன்னி வெயிலில் நின்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"நேத்து அந்த பேக்கரிப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா மாப்ள?"

"கேக்கல மாமி."

"வந்த நாள்லேருந்து ஒரு பிஸ்கோத்தக்கூடத் திருப்பிப் பாக்காம வாங்குனதில்ல என் மக. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"என்னத்தப் பாத்துட்டு நின்னீங்க?"

அவர் தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே பேசினார். "இந்தக் கையால ஊட்டிவிட்டேன். பிஸ்மி சொல்லி ஊட்டிவிட்டேன். தெரியாம நடந்தா குத்தமில்ல, அது எனக்கும் தெரியும். நான் அதச் சொல்லல. நாளைக்கு அவன் காய்ச்சல்ல கெடந்தாலும் நீங்க இப்படித்தான் நிப்பீங்க. நல்லவேள, ஏப்ரல்லயே நீங்களா கேட்டீங்க. இல்லேன்னா இன்னிக்கு நான் கேட்டிருப்பேன்."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. அப்போதும் நான் அப்படித்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் ஹோட்டல் பாத்ரூமில் நீ பல் தேய்த்துக்கொண்டே இருந்தாய். மூன்று முறை பேஸ்ட் வைத்துவிட்டாய். ஈறில் ரத்தம் வந்தது. நான் பிரஷ்ஷை வாங்கினேன். நீ கண்ணாடியில் என்னைப் பார்த்து, "வில் ஐ ஸ்டில் கெட் டு சீ அம்மா?" என்றாய். கதவருகே நின்ற நன்னி, "என்ன கேக்குறான்?" என்றார். அவருக்காக நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். "சொர்க்கத்துல அம்மாவ இனிமே பாக்க விடுவாங்களான்னு கேக்குறான்." நீ இங்கிலீஷில் கேட்டபோது அது எனக்கு ஒரு கேள்வியாகத்தான் இருந்தது. என் வாயால் தமிழில் வந்தபோதுதான் உறைத்தது. ஜனவரியிலிருந்து முதல்முறையாக எனக்கு எங்கோ வலித்தது. நன்னி குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து உன்னை இழுத்து அணைத்து, "சின்னப் புள்ளைக்கெல்லாம் பாவம்னு எழுதவே மாட்டாங்கடா. உங்கம்மா வாசல்லயே நிப்பா, பாரு" என்றார். நீ அவர் தோளுக்கு மேலாக என்னையே பார்த்தாய். "நான் வாங்கினேன். நான் கேக்கல. அது என்னோட தப்பு, உன்னுது இல்ல" என்றேன். நம்பினாயா என்று உன் முகத்தில் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நீ வாழைப்பழமும் தண்ணீரும் தவிர வேறு எதையும் தொடவில்லை. கையில் கிடைத்த எல்லாவற்றையும் படித்தாய். தண்ணீர் பாட்டிலின் லேபிள், ஹோட்டல் சோப்பின் உறை, மெனு கார்டு, டோல் ரசீது. பாரிஸுக்குத் திரும்புகிற வழியில் ஒரு அல்ஜீரியர் நடத்துகிற கடையைத் தேடிப் பிடித்தோம். கோதுமை ரவை மாதிரி ஒன்றை வேகவைத்து, மேலே ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றித் தருவார்கள். வாசலிலேயே ஹலால் என்று எழுதியிருந்தது. நீ உள்ளே வந்து, உட்காராமல், அந்த மனிதரிடம் போய், பேப்பர் இருக்கிறதா என்று கேட்டாய். நான் கூப்பிடுவதற்குள் அவர் புரிந்துகொண்டார். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைச் சட்டத்தோடு கழற்றி, உன் உயரத்துக்குக் குனிந்து பிடித்தார். நீ முழுதும் பார்த்து முடிக்கும்வரை அப்படியே பிடித்திருந்தார். நன்னி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "அப்படியே அவதான்" என்றார். நீ நாலு வாய் சாப்பிட்டாய். லியோன் வந்தும் போயும் ஆகிவிட்டது. நான் உன்னிடம் சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை.

பாரிஸில் கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம். மறுநாள் காலை விமானம். நன்னி கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்து, உன் துணிகளைத் தன் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். கறுப்பு ஷூவுக்குள் காகிதம் திணித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் பக்கம் நின்று, எப்படித் தொடங்குவது என்று வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். மேஜை மேல் ப்ளாஸ்டிக் ஃபோல்டர் இருந்தது. எல்லாவற்றையும் படிக்கிற பிள்ளை இருக்கும் அறையில் அதைத் திறந்து போட்டிருந்தேன். உன் குரல்தான் முதலில் கேட்டது. விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாய். நன்னி பெயர். உன் பெயர். பாரிஸ். சென்னை. அடுத்த தாள். என் பெயர். நெவார்க். திரும்ப முதல் தாளுக்குப் போனாய். பின்பக்கம் திருப்பினாய்.

"அத்தா, யூ ஆர் நாட் ஆன் மை பேப்பர்."

நன்னியின் கை ஷூவுக்குள்ளேயே நின்றுவிட்டது. நீ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாய். உனக்கு விடை கிடைத்துவிட்டது என்பது உன் முகத்தில் தெரிந்தது. "இஸ் இட் பிகாஸ் ஐ ஏட் தட்?" என்றாய்.

அதைச் சாப்பிட்டதால்தான் உன்னை அனுப்புகிறோம் என்று நினைத்துவிட்டாய். அழவில்லை. தண்டனை நியாயம்தான் என்கிற மாதிரி நின்றாய். தம்பி, அந்த டிக்கெட் ஏப்ரலில் எடுத்தது. நீ அதைச் சாப்பிட்டது ஜூலையில். ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பே இல்லை. இதை உனக்கு நன்றாகப் புரியும்படி இப்போதே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அன்று நான் உண்மையைச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், நீ எதுவும் செய்யாமலே உன்னை அனுப்ப நினைத்தேன் என்றாகும். அது இன்னும் மோசம்.

"இல்லடா. அது அந்த ட்ராவல் ஏஜென்ட் தப்பாப் போட்டுட்டாரு. நீ என்கூடதான் வர்ற" என்றேன். யோசிக்காமல் வந்தது. வந்தபிறகு, அதுதான் வேண்டும் என்று தெரிந்தது.

நீ என்னை விட்டுவிட்டு நன்னியைப் பார்த்தாய். பொய் சொல்லாதவர் யார் என்பது உனக்கும் தெரியும். "நன்னி, நெஜமா?"

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எல்லா நியாயமும் அவரிடம் இருந்தது. ஷூவைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"ஆமாடா கண்ணு. அந்தாளு தப்பாப் போட்டுட்டான். நான் அப்பவே சொன்னேன், சரியாப் பாத்துப் போடச் சொல்லுங்கன்னு."

நீ தாள்களை ஃபோல்டரில் வைத்து மூடினாய். பசிக்கிறது என்றாய். பொடி தடவின ரொட்டி கேட்டாய். நன்னி எழுந்து போய்ச் செய்துகொடுத்தார். நீ சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அறைக்கு வெளியே வராந்தாவுக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன். "மாமி" என்றேன்.

"உங்களுக்காகச் சொல்லல மாப்ள. அவன் மூஞ்சியப் பாத்துட்டு வேற எதுவும் வாயில வரல."

"தெரியும் மாமி."

"மாடி ரூமுக்கு ஏசி போட்டாச்சு. கட்டில் வந்தாச்சு. ஸ்கூல்ல சேத்தாச்சு. ஊருல எல்லார்ட்டயும் பேரன் வர்றான்னு சொல்லிட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "கொடுக்கறேன்னு நீங்களா கொடுத்தீங்க. இப்ப நீங்களா எடுத்துக்கிட்டீங்க. நடுவுல நான் ஒருத்தி இருக்கேன்னு உங்களுக்குத் தோணவே இல்லயா?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. அவர் தன் மகளைப் பறிகொடுத்த அதே வருடத்தில், அவளுடைய பிள்ளையைத் தருகிறேன் என்று சொல்லி, மூன்று மாதம் நம்பவைத்து, ஒரு மத்தியானத்தில் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதையும் ஒரு பொய்யால் வாங்கினேன், அந்தப் பொய்க்கு அவரையே சாட்சியாக்கினேன். உன்னை வைத்துக்கொண்டது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதை நான் செய்த விதம் சரியில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். சரியான முடிவு எடுத்துவிட்டோம் என்பதால் அதற்காக அடிபட்டவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துவிடாதே. நான் இன்னும் கேட்கவில்லை. போனில் பேசும்போது உன் சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்கிறார். நானும் அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். இப்போதெல்லாம் நான்தான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறேன். நீயும் ஒருமுறை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கார்ட்டில் போடுகிறாய். என் மேல் உனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. வேண்டாம், பார்த்துப் போடு.

நீ இதைப் படிக்கும்போது நன்னி இருந்தால், போய்ப் பார். என்ன நடந்தது என்று தெரியும் என்று சொல். உன்னைத் தூக்கிப் போக வந்தவர் என்று யார் சொன்னாலும், நான் பிரிட்ஜ்வாட்டரில் சிரித்த மாதிரி சிரிக்காதே.

மறுநாள் காலை விமான நிலையத்தில் உனக்கு என் விமானத்தில் ஓர் இடம் வாங்கினேன். சென்னை விமானத்தில் நன்னிக்குப் பக்கத்து இருக்கை காலியாகப் போகும் என்று கவுன்டர் பெண் சொன்னாள். நல்ல செய்தி சொல்வதுபோல, தாராளமாக உட்காரலாம் என்றாள். நான் அதை நன்னிக்கு மொழிபெயர்க்கவில்லை. பாதுகாப்புச் சோதனை வரிசை தொடங்கும் இடம்வரை மூன்று பேரும் நடந்தோம். காலையிலிருந்து அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உன் தலையைத் தடவினார், நெற்றியில் ஊதினார், மேல் பட்டனைப் போட்டுவிட்டார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் யோசித்து வைத்திருந்த மாதிரி, உனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாய்.

"நன்னி, நெக்ஸ்ட் டைம் அந்த ஏஜென்ட்கிட்ட, மூணு பேரையும் ஒரே பேப்பர்ல போடச் சொல்லு."

"சொல்றேன்டா" என்றார். பிறகு நிமிர்ந்து, அன்றைக்கு முதல்முறையாக என்னைப் பார்த்தார். "ஏஜென்ட்டுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாமி" என்றேன்.